அக்காவின் இருபதாவது கேள்வி

அக்காவின் பட்டியலில் இருபது இடங்கள் இருந்தன. அந்த இருபதில் ஒன்றில்கூடக் கொத்தனாரின் கை பட்டது கிடையாது. அது அவருக்குத் தொண்டையில் மாட்டிய முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அஞ்சாம் வகுப்போடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செங்கல் சுமக்கப் போனவர் அவர். அப்புறம் அந்த ஊரில் அவர் கரண்டி படாத தெரு இல்லை. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் அவர் கட்டியது. தபால் ஆபீஸ் வாசல் படி அவர் போட்டது. தையல்காரர் தெருவில் பாதி வீட்டுக்கு அவர் பூச்சுதான். கூடப் பிறந்த அக்கா ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கூட்டி, இதுதான் நம்ம ஊர் வரலாறு, போய்த் தேடிக் கண்டுபிடியுங்கள் என்று இருபது இடத்தை எழுதிக் கொடுக்கிறாள். அதில் துருப்பிடித்த சாக்கடை மூடி இருக்கிறது. கூடப் பிறந்தவன் கட்டிய சுவர் இல்லை.

ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டேவிட்டார். கேட்ட இடம்தான் தப்பாகப் போய்விட்டது. பள்ளிக்கூட மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், அக்கா கேள்வித்தாளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் கட்டினது ஒண்ணும் உன் கண்ணில் படவில்லையா என்று இவர் கேட்க, அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உன் சுவருக்கெல்லாம் இன்னும் பால் பல்லே முளைக்கலடா. ஒரு அம்பது வருஷம் போகட்டும், பாக்கலாம்."

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு ஒட்டின பெயர்தான் 'பால்பல் கொத்தனார்'. சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருப்பார், கீழே பள்ளிக்கூடம் போகிற பொடிசு ஒன்று அண்ணாந்து பார்த்து, மாமா, சுவருக்குப் பல்லு வந்திடுச்சா என்று கேட்டுவிட்டு ஓடும். ஒரு உருண்டைக் கலவையை எடுத்து வீசுவார். அது எங்கேயோ விழும். வீட்டில் பெண்டாட்டி வேறு, சாப்பாட்டில் கல் கடிபட்டு அவர் முகம் சுளித்தால், பல்லு முளைக்குது போல என்பாள். ஒரு வருஷம் முழுக்க இதே கூத்து.

அக்காவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் ஏதோ வாய்த்துடுக்கில் பேசுகிறவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவள் தண்ணீர் ஆபீஸில் மீட்டர் பார்ப்பவள். படித்தது பத்தாவது வரை. அப்பா படுக்கையில் விழுந்துவிட, பத்தொன்பது வயதில் அந்த வேலைக்குப் போனாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் டார்ச் லைட், பென்சில், கந்தல் துணி, மூடியை நெம்புவதற்கு நுனி வளைந்த ஒரு கம்பி. வீட்டு வாசலில் தரையோடு தரையாக இரும்பு மூடி இருக்கும். அதைக் கம்பியால் நெம்பி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே கண்ணாடியைத் துடைத்து, டார்ச் அடித்து, எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். குழிக்குள் தவளை இருக்கும், தேள் இருக்கும். ஒரு வாத்தியார் வீட்டுக் குழியில் அரை பாட்டில் சாராயம் இருந்தது. அதை ஓரமாக நகர்த்தி எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்பவும் இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டு வந்தாள். அந்த வாத்தியார் சாகும்வரை அவளைக் கண்டால் எழுந்து நின்றார்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்கிறவர்களிடம், நாள் முழுக்க அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டறேன், சாயங்காலமாவது என் கதவை நானே திறந்துக்கறேனே என்பாள். தம்பி கட்டிய வீட்டின் பின்கட்டு அறைதான் அவள் இடம்.

ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து வீடு. அத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் ஊரை நின்று பார்த்தார்கள், அக்கா உட்கார்ந்து பார்த்தாள். அதனால் அவளுக்குத் தெரிந்த ஊர் வேறு. சாக்கடை மூடியின் விளிம்பில் வார்த்த வருஷம், குதிரை கட்டுவதற்குச் சுவரில் பதித்த இரும்பு வளையம், பழைய கட்டடக் கல்லைத் திருப்பிப் போட்டுச் செய்த படி, அந்தப் படியின் அடியில் யாரோ ஒருத்தியின் பெயர். இதையெல்லாம் மீட்டர் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். குழிக்குள்ளே என்ன இருக்கு என்று அவள் பின்னாலேயே சுற்றுகிற பிள்ளைகளிடம், அதைவிட நல்லது ஒன்று இந்தத் தெருவிலேயே இருக்கு, கண்டுபிடிங்க பார்ப்போம் என்று ஒரு நாள் சொல்லப்போய், அது பள்ளிக்கூடத்து டீச்சர் காதுக்கு எட்டி, வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று ஆகிவிட்டது. நாலு நாலு பேராகப் பிரிந்து ஓடுவார்கள். 'நான் இரும்பு. எல்லாரும் என்னை மிதிக்கிறாங்க. என் வயசு என் முதுகில இருக்கு, எத்தனை?' இப்படிப் பத்தொன்பது கேள்வி. பத்தொன்பதும் குனிந்து தேட வேண்டியவை. இருபதாவது மட்டும் நிமிர்ந்து பார்க்க வேண்டியது.

விதி ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்க்காததை எழுதினால் அந்தக் கேள்விக்கு மட்டும் இல்லை, தாள் முழுக்கச் சைபர்.

அது அவள் தொழிலிலிருந்து வந்த விதி. வீடு பூட்டியிருந்தால் மீட்டர் பார்க்கிறவர்கள் போன மாத எண்ணோடு எதையாவது கூட்டிப் போட்டுக்கொள்வார்கள். டீக்கடையில் உட்கார்ந்தே ஒரு தெருவை முடித்துவிடுகிற கில்லாடிகள் இருந்தார்கள். அக்கா 'பூட்டு' என்று எழுதிவிட்டு மறுநாள் திரும்பப் போவாள். முப்பத்தைந்து வருஷத்தில் பார்க்காத எண் ஒன்றை அவள் கை எழுதியது கிடையாது. அவளுக்கு இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

இப்போது அந்த இருபதாவது.

ஆற்றங்கரைப் பக்கம் ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் முன்சுவரில், பெரியவர்களுக்கு நெஞ்சு உயரத்தில், ஒரு முழ நீளத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் 'தண்ணி இதுவரைக்கும்' என்று உளியால் வெட்டிய எழுத்து. அக்கா பிறப்பதற்கும் முந்தின வெள்ளம் அது. வெள்ளம் வடிந்தபிறகு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த யாரோ ஒரு ஆள் வெட்டி வைத்தது. எழுத்து கோணல்மாணல். வெட்டினவருக்கும் படிப்பு கொத்தனார் அளவுதான் இருந்திருக்கும். ஊரில் அந்த வெள்ளத்துக்கு வேறெங்கும் அடையாளம் கிடையாது. அக்காவின் கேள்வி: 'கோட்டை ஒட்டி நில்லுங்க. உங்க நாலு பேர்ல யாரோட தலை தண்ணிக்கு மேலே இருக்கும்?'

ஐஸ் கம்பெனி மூடி நாளாகியிருந்தது. கட்டில், சோபா விற்கிறவர் ஒருவர் அதைக் குடோனாக எடுத்துக்கொண்டு, முன்சுவரைப் புதிதாகப் பூசச் சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிட்டார். பழைய சுவரில் பூசுவதென்றால் பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும், அப்போதுதான் புதுசு பிடிக்கும். அந்த வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார். சுத்தியலும் உளியுமாக இடது கோடியிலிருந்து கொத்திக்கொண்டே வந்து, பதினோரு மணி வாக்கில் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

என்ன கோடு என்று அவருக்குத் தெரியும். யாருடைய கோடு என்றும் தெரியும். மூன்று வாரம் கழித்து எந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் வருவார்கள் என்பதுகூடத் தெரியும். சுவிட்சுப் பெட்டியைச் சுற்றி விட்டுவிட்டுப் பூசுவதில்லையா, அந்த மாதிரி ஒரு கட்டம் விட்டுப் பூசியிருக்கலாம். கால் மணி நேர வேலை. விட்டிருந்தால் பார்க்கவும் லட்சணமாக இருந்திருக்கும்.

அன்று காலையில்தான் ஒரு பொடிசு பல்லைப் பற்றிக் கேட்டுவிட்டு ஓடியிருந்தது.

இந்தச் சுவருக்குத்தானே பல்லெல்லாம் முளைச்சிருக்கு என்று சொல்லிக்கொண்டே முதல் கொத்தைப் போட்டார். எட்டுக் கொத்தில் கோடும் எழுத்தும் போயின. அதை அவர் எண்ணினார், அதுதான் கேவலம். நாலாவது கொத்திலேயே கோபம் வடிந்துவிட்டது. மீதி நாலும் கோபத்தில் போட்டவை இல்லை. பாதிக் கோட்டை விட்டு வைத்தால் அக்கா பார்த்துக் கேட்பாளே என்ற பயத்தில் போட்டவை.

போட்டிக்கு முந்தின வாரம் இருபது இடத்தையும் நேரில் போய்ப் பார்த்து டிக் போடுவது அவள் வழக்கம். வருவாள், பார்ப்பாள், ஆடித் தீர்ப்பாள், நாமும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கொத்தனார் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார். ஆனால் அந்த வருஷம் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்ததால் அக்கா முன்கூட்டியே சுற்றி முடித்துவிட்டாள். அவர் கொத்தினதற்கு இரண்டே நாள் முன்பு அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு டிக் போட்டிருந்தாள். அது இவருக்குத் தெரியாது. தெரிந்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பூச்சு காய்ந்தது, வெள்ளையும் அடித்தாகிவிட்டது, சனிக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று அவருக்கு மைதானத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் வேலை. ஓடி வருகிற பிள்ளைகளுக்குத் தம்ளரில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டமாக வந்து தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தது. கடைசியாக, எல்லோரும் வந்து இருபது நிமிஷம் கழித்து, தச்சர் மகளின் கூட்டம் வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயதுக்கு மீறின உயரம், எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். தச்சரும் கொத்தனாரும் ஒரே கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள்.

அக்கா தாளைப் பார்த்தாள். பத்தொன்பதும் சரி. இருபதாவதில், 'பாத்தோம். கோடு இல்ல' என்று எழுதியிருந்தது.

"போய்ப் பாத்தீங்களா?"

"பாத்தோம் அக்கா. சுத்திச் சுத்திப் பாத்தோம்."

"நான் பாத்து மூணு வாரம்தான் ஆகுது. கோடு கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?"

மைதானம் சிரித்தது. நெட்டை சிரிக்கவில்லை. "தடவிக்கூடப் பாத்தோம் அக்கா. சுவரு வழவழன்னு இருந்துச்சு."

அந்த வழவழ கொத்தனாரின் கை வேலை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிள்ளை அவருடைய பூச்சை நல்லாயிருக்கு என்று சொன்னது. கையில் தம்ளரோடு நின்றார்.

கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது ஒரு தப்பு, இருக்கிறதைப் போய்ப் பார்க்காமலே இல்லை என்று எழுதுவது அதைவிடத் தப்பு என்று அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். விதி விதிதான். தாள் முழுக்கச் சைபர். மற்றக் கூட்டங்கள் ஆற்றங்கரை வரை போகாமல் இருபதாவதை எழுதாமலே விட்டிருந்தன. பரிசாக வைத்திருந்த டார்ச் லைட்டு, அதை எழுதியிருந்த இன்னொரு கூட்டத்துக்குப் போனது. அவர்கள் இருபதாவதில், 'ஒருத்தரும் தப்பமாட்டோம், நாலு பேரும் முழுகிடுவோம்' என்று எழுதி, நாலு குமிழி வேறு வரைந்திருந்தார்கள். அந்த நாலு பேரும் ஐஸ் கம்பெனிப் பக்கமே போகவில்லை. போன வருஷம் ஓடின அண்ணனிடம் கேட்டு எழுதியது. அது ரொம்ப நாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

நெட்டை அழவில்லை. அங்கிருந்த பெரியவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐஸ் கம்பெனி அங்கிருந்து பத்து நிமிஷ நடை. யாராவது ஒருத்தர், வா, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லமாட்டார்களா என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வை டிரம் பக்கம் வந்தபோது கொத்தனார் குனிந்து குழாயை மூடினார். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

சாயங்காலம் அக்கா தனியாக ஐஸ் கம்பெனிக்குப் போய் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அந்தச் சுவரு நீ பூசினதா?"

"ஆமா."

"கோடு என்ன ஆச்சு?"

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பாள், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள், தீர்ந்திருக்கும். வாயில் வந்தது வேறு.

"நான் போறப்பவே பழைய பூச்சு உதிர்ந்து தரையில கிடந்துச்சு அக்கா. அது விழுந்தே மூணு நாலு மாசம் ஆகியிருக்கும். கோடு எங்க இருக்கும்?"

"நான் டிக் போட்டிருக்கேனே."

"பழக்கத்துல போட்டிருப்பே. பதினோரு வருஷமாப் போடறது. கை தானாப் போட்டிருக்கும்."

அக்கா சுவரோரமாக உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தச்சர் வீட்டுக்குப் போய், என் மேலதான் தப்பு பாப்பா என்று சொன்னாள். அப்ப மூணு வாரம் முன்னாடி பாத்தேன்னு சொன்னீங்களே என்று நெட்டை கேட்டாளாம். பாத்ததா நினைச்சுக்கிட்டேன் என்றாளாம் அக்கா. தச்சரே இதைக் கொத்தனாரிடம் வேலையிடத்தில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, அக்கா பெரிய மனுஷி, வீடு தேடி வந்தாங்க, ஆனா நாப்பது பேர் முன்னாடி சொன்னது நாப்பது பேர் காதுலயும் விழுந்தாச்சு, என் பொண்ணு பொய் சொல்றவ இல்ல கொத்தனாரே என்றார். இவர் தலையை ஆட்டினார். ஆட்டின தலையோடு அன்றைக்கு முழுக்க அவர் கட்டின சுவர் ஒன்று நூல் விட்டுக் கோணலாகப் போய், மறுநாள் இடித்துக் கட்டினார்.

அக்கா அதற்கப்புறம் வேறு ஆளாகிவிட்டாள். மீட்டரைப் பார்த்து எழுதுவாள், மூடியைப் போட்டுவிட்டு நாலு வீடு தள்ளிப் போவாள், சந்தேகம் வந்து திரும்ப வந்து திறந்து பார்ப்பாள். நூற்றுப்பத்து வீடு அறுபதாகக் குறைந்தது. ஆபீஸில் கேட்டார்கள். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பிள்ளைகள் போட்டியும் அந்த வருஷத்தோடு நின்றது. டீச்சர் மூன்று தடவை வீட்டுக்கு வந்து கெஞ்சினார். பார்க்காமல் எழுதுகிற கை பிள்ளைகளுக்குக் கேள்வி எழுதக் கூடாது என்று ஒரே பதில்தான். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்ப்பாள். நான் சாப்பிட்டேனா என்று தம்பி பெண்டாட்டியிடம் கேட்பாள். சாப்பிட்டீங்க அண்ணி, நான்தான் இன்னும் சாப்பிடலை என்பாள் அவள். சொல்லிவிட்டு அடுப்பங்கரையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அண்ணிக்குப் புத்தி பிசகிக்கொண்டு வருகிறதே என்று கொத்தனாரிடம் சொன்னபோது, வயசானா அப்படித்தான் என்றார் அவர். அப்போது அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்து.

சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிப் போன நாட்கள் கணக்கில்லை. பின்கட்டு வரை போவார். போனதும் வாய் வேறு எதையாவது கேட்கும். ஜன்னல் சின்னதா இருக்கே, பெரிசாப் போடட்டுமா? படி வழுக்குதே, சரிவாக்கித் தரட்டுமா? ஒன்பது வருஷத்தில் அந்த ஒற்றை அறைக்கு இரண்டு ஜன்னல், சரிவுப் பாதை, கைப்பிடி, புதுத் தரை, குளியலறைக்கு உட்காருகிற மேடை. அக்கா ஒன்றையும் கேட்கவில்லை. எதுக்குடா இப்படிக் காசைக் கொட்டுறே என்பாள். உனக்குத்தானே அக்கா என்பார். வெளியே வந்து அந்தச் சுவரையே நாலு குத்துக் குத்தலாம் போல இருக்கும்.

அப்புறம் அக்காவுக்கு நெஞ்சில் நீர் கட்ட ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரை வாங்க வேண்டும். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற பெண் யாரென்றால், நெட்டை. இருபது வயது, கடையிலிருக்கிற மேல் அலமாரிக்கு ஏணியே வேண்டாம் அவளுக்கு. மாத்திரை அட்டையை ஒரு தடவை எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணி, பெயரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் கொடுப்பாள். நீங்களும் ஒருக்கா எண்ணிப் பாத்துக்கங்க மாமா, அப்புறம் நான் எண்ணலைன்னு யாரும் சொல்லக் கூடாது என்பாள், ஒவ்வொரு வாரமும், எல்லோரிடமும். கொத்தனார் கவுண்டரைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வருவார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள், புதிதாக வந்த டாக்டர் அக்காவிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு என்ன கிழமை, தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள். அக்கா மடமடவென்று சொல்லி இரண்டுக்கு வந்து நின்றாள். முன்பு பார்த்த வேலையைக் கேட்டார். அக்கா தான் மீட்டர் பார்த்த தெருவொன்றை எடுத்துக்கொண்டு, எந்த வீட்டில் மூடி எந்தப் பக்கம், எதில் கண்ணாடி உடைசல் என்று வரிசையாகச் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, உங்களுக்கு என்னைவிட நல்ல ஞாபகம் என்றார்.

"இல்ல டாக்டர்," என்றாள் அக்கா. "அது ஒன்பது வருஷம் முன்னாடியே போயிடுச்சு. பாக்காத ஒண்ணைப் பாத்தேன்னு எழுதிட்டேன். ஒரு சின்னப் பொண்ணை அதுக்காக அவமானப்படுத்திட்டேன். இவன்தான் சாட்சி, கேளுங்க."

டாக்டர் கொத்தனாரைப் பார்த்தார். அவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வெளியே வண்டி வருவதற்காகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டப்பகல், எதிரே ஆள் போக வர இருந்தது. அங்கே வைத்துச் சொன்னார். அடுக்கிச் சொல்லத் தெரியவில்லை. கோடு இருந்துச்சு அக்கா, நான்தான் கொத்தினேன் என்று நடுவிலிருந்து ஆரம்பித்து, பால் பல்லுக்குப் போய், டிரம்முக்கு வந்து, நீ சரியாத்தான் பாத்திருந்தே என்பதில் முடித்தார். முடிக்கும்போது மூக்கு ஒழுகியது. ஐம்பத்து நாலு வயது ஆள், தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அக்கா எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆம்புலன்ஸ் வந்து ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது.

"எத்தனை கொத்து?"

"எட்டு."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

அவ்வளவுதான். வண்டி வந்தது, ஏறினார்கள். அதற்கப்புறம் ஐந்து நாள் அக்கா அவரோடு பேசவில்லை. தண்ணீர், போர்வை, விசிறி எல்லாம் தம்பி பெண்டாட்டியிடம்தான் கேட்டாள். ஆனால் ஒன்று. அடுப்பை அணைத்தேனா என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட்டேனா என்றும் கேட்கவில்லை. அண்ணிக்கு என்ன மருந்து மாத்தினாங்க, தெளிவா இருக்காங்களே என்று பெண்டாட்டி அதிசயப்பட்டபோது, கொத்தனார் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் பேசாத வீட்டில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் தாங்கமாட்டாமல் பின்கட்டுக்குப் போனார். அந்தக் கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று என் கைக்குத் தெரியும் அக்கா, குடோன்காரரிடம் பேசிவிட்டேன், அதே இடத்தில் அதே மாதிரி வெட்டிவிடுகிறேன் என்றார். எழுத்தைக்கூடக் கோணலாகவே வெட்டுகிறேன் என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நீ வெட்டினா அது உன் கோடு, தண்ணி நின்ன கோடு ஆகாது, பிள்ளைங்களைத் திரும்பவும் ஏமாத்தாதே என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலையில் அவளாகவே கூப்பிட்டு அனுப்பினாள். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினாள், ஆனால் குரல் பழைய மீட்டர் அக்காவின் குரல். அவரிடம் அவள் கடைசியாகக் கேட்ட வேலை இதுதான். அதற்குமேல் பதினோரு நாள் இருந்தாள், வேறு எதையும் கேட்கவில்லை.

"தச்சர் பொண்ணுகிட்டதானே வாராவாரம் மாத்திரை வாங்கறே?"

"ஆமா அக்கா."

"முகத்தைப் பாத்து வாங்குவியா?"

அவர் தான் போட்ட ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னைக்குப் போ. கூட்டம் இருக்கறப்பவே போ. நான் அவளை நாப்பது பேர் முன்னாடிதான் சொன்னேன், நீ ஓரமாக் கூப்பிட்டுக் காதுல ஓதிட்டு வந்துடாதே. அவ சரியாப் பாத்தான்னு சொல்லு. நானும் சரியாத்தான் பாத்தேன்னு சொல்லு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லு, எட்டை ஏழாக்காம. எனக்காக மன்னிப்புக் கேக்காதே, அதை நான் அன்னைக்கே கேட்டாச்சு. சொல்லிட்டு அங்கயே நில்லு, ஓடி வராதே. அவ என்ன சொல்றாளோ அதைக் கேட்டு, அப்படியே வந்து எனக்குச் சொல்லு. நீயா ஒண்ணும் சேக்காதே."